ஆப்பிரிக்கப் பாலைவனத்துல லக்சுரி ரயில்: 6 லட்சம் கடன் வாங்கிப் போகலாமா?

போன வாரம் கள்ளக்குறிச்சி ஆபீஸுக்கு ஒரு தம்பி வந்தார். கச்சிராயபாளையம் பக்கம் ஊர், வயசு 27, சென்னை ஓ.எம்.ஆர்.ல வேலை. ரிட்டர்ன் ஃபைல் பண்ணத்தான் வந்தார். அது முடிஞ்சதும் போனை என் பக்கம் திருப்பி, "அண்ணா, இதையும் ஒரு தடவை பாருங்களேன்"னார்.

ஒரு டிராவல் ஏஜென்ட் அனுப்பின கொட்டேஷன். தென்னாப்பிரிக்காவுல பிரிட்டோரியாவுல ஏறி, கரூ பாலைவனம் வழியா கேப் டவுன்ல இறங்குற லக்சுரி ரயில். மூணு ராத்திரி, தனி கேபின். ஃப்ளைட், வீசா, ஹோட்டல் எல்லாம் சேர்த்து 6 லட்சம். அதே போன்ல பேங்க் ஆப் காட்டுது: ப்ரீ-அப்ரூவ்டு பர்சனல் லோன் 6 லட்சம், 14% வட்டி, 48 மாசம். ஒரு பட்டனைத் தட்டினா போதும்.

"வீட்ல சொன்னா திட்டுவாங்க. ரூம்ல சொன்னா சிரிப்பாங்க. நீங்க கணக்கா மட்டும் சொல்லுங்கண்ணா."

அவர்கிட்ட கேட்டுக்கிட்டுதான், பேரை விட்டுட்டு இதை எழுதுறேன். வீடியோவுல ரெண்டு நிமிஷத்துல சொல்லிட்டுப் போயிட்டேன். இங்க கணக்கை முழுசா போட்டுடலாம்.

முதல்லயே ஒண்ணு சொல்லிடுறேன். இந்த ஆசையைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வரல. நாங்க வளர்ந்தப்ப கள்ளக்குறிச்சி டவுனுக்கு ரயிலே கிடையாது. ரயில் ஏறணும்னா பஸ் பிடிச்சு சின்னசேலம் போகணும், இல்ல உளுந்தூர்பேட்டை, விழுப்புரம். சின்னசேலத்துல இருந்து ஊருக்கு 16 கிலோமீட்டர் பாதை போடுற திட்டம் பல வருஷமா பேச்சுல இருந்தது. 2019 நவம்பர்ல நாங்க தனி மாவட்டமே ஆயிட்டோம். கல்வராயன் மலை அடிவாரத்துப் பசங்களுக்கு ஜன்னல் சீட்டுன்னா வெள்ளிமலை பஸ்தான். கோமுகி அணையைத் தாண்டி வளைவுகள் ஆரம்பிச்சதும் எல்லாப் பசங்களும் ஜன்னல் பக்கம் நகர்ந்துடுவாங்க. அப்படி வளர்ந்த ஒருத்தர், மூணு நாள் ஜன்னல் ஓரமா உட்கார்ந்து பாலைவனத்தைப் பார்க்கணும்னு நினைக்கிறது எனக்கு நல்லாவே புரியுது.

அதனால "இதெல்லாம் நமக்கு எதுக்கு"ங்கிற பேச்சு இந்தக் கட்டுரையில வராது.

அந்த ரயில் ஏன் இவ்வளவு விலை?

பிரிட்டோரியா–கேப் டவுன் பாதை சுமார் 1,600 கிலோமீட்டர். அதுல பேர் வாங்கின லக்சுரி ரயில் ரெண்டு. ஒண்ணு ப்ளூ ட்ரெயின், அந்தப் பேர்ல 1946ல இருந்து ஓடுது. இன்னொண்ணு ரோவோஸ் ரயில். ரோஹன் வோஸ்ங்கிறவர் 1989ல ஆரம்பிச்ச தனியார் கம்பெனி. பழைய பெட்டிகளை வாங்கிப் புதுப்பிச்சு ஓட்டுறாங்க. நமீபியாவோட வால்விஸ் பே வரைக்கும்கூட அவங்களோட ரயில் போகுது.

ரோவோஸ்ல ஒரு ரயிலுக்கு அதிகபட்சம் 72 பேர். வேகம் மணிக்கு 60 கிலோமீட்டரைத் தாண்டாது. பெட்டியில டி.வி. கிடையாது. ராத்திரி டின்னருக்குக் கோட், டை போட்டுக்கணும்.

இந்த 72ங்கிற நம்பர்லயே விலையோட ரகசியம் இருக்கு. நம்ம ஊர் எக்ஸ்பிரஸ் ரயில்ல ஆயிரம் பேருக்கு மேல போறாங்க. இன்ஜின், தண்டவாள வாடகை, டிரைவர், பெட்டி பராமரிப்பு எல்லாம் ஆயிரமா பிரியும். அங்க அதே மாதிரி செலவு 72 தலைக்கு மேல விழுது. போதாக்குறைக்கு சமையல்காரர், பரிமாறுறவர், ரூம் சுத்தம் பண்றவர். வேகம் கம்மிங்கிறதால ஒரு டிரிப்புக்கு நாளும் அதிகம். ஏமாத்து விலைன்னு சொல்ல மாட்டேன். ஓடுற ஹோட்டலுக்கு அந்த விலைதான் வரும்.

இந்தியாவுலயும் இது உண்டு. பேலஸ் ஆன் வீல்ஸ் 1982 ஜனவரி 26ல ஆரம்பிச்சது. டெல்லியில ஏறினா ஏழு ராத்திரி. ஜெய்ப்பூர், சித்தோர்கர், உதய்பூர், ஜெய்சல்மேர், ஜோத்பூர்னு சுத்திட்டு ஆக்ரா வழியா திரும்பும். ஐ.ஆர்.சி.டி.சி.யோட மகாராஜாஸ் எக்ஸ்பிரஸ் 2010ல வந்தது. தார் பாலைவனத்தைத் தொடுற லக்சுரி ரயில்னா நமக்கு இவைதான். ரெண்டுமே ஒரு டிரிப்புக்கு லட்சக்கணக்குல. பெரும்பாலும் வெளிநாட்டுக்காரங்க டாலர்ல கட்டிப் போறது.

பாலைவன ரயில்னதும் எனக்கு ஒரு பழைய கதை ஞாபகம் வரும். கொட்டேஷனுக்கு நேரடி சம்பந்தம் இல்ல, ஆனா பணம் பேசுற இடத்துல சொல்லாம விட மனசு வரல. நமீபியா அப்போ ஜெர்மன்காரங்க கையில இருந்தது. லூடெரிட்ஸ் பக்கம் தண்டவாளத்தை மணல் மூடிக்கிட்டே இருக்கும், அதை அள்ளிப் போடவே ஆள் வச்சிருந்தாங்க. 1908ல மணல் அள்ளிக்கிட்டிருந்த சக்கரியாஸ் லெவாலாங்கிற தொழிலாளி ஒரு மினுமினுப்பான கல்லைப் பார்த்து, மேலதிகாரி அகஸ்ட் ஸ்டௌக் கையில கொடுத்தார். அது வைரம். ஸ்டௌக் அந்த ஏரியாவுல உரிமம் வாங்கிப் பெரிய கோடீஸ்வரர் ஆனார். பக்கத்துல கோல்மான்ஸ்கோப்னு ஒரு ஊரே முளைச்சது. லெவாலாவுக்கு ஒண்ணும் கிடைக்கல. ஸ்டௌக்கும் பின்னாடி வந்த பொருளாதார மந்தத்துல எல்லாத்தையும் இழந்து, 1947ல கையில ஒண்ணும் இல்லாமத்தான் இறந்தார். கோல்மான்ஸ்கோப் வீடுகளுக்குள்ள இப்போ மணல் மேடு. டூரிஸ்ட்டுங்க டிக்கெட் வாங்கிப் போட்டோ எடுத்துட்டு வர்றாங்க.

சரி, கணக்குக்கு வருவோம்.

6 லட்சம் எங்க போகுது

தம்பியோட கொட்டேஷனைப் பிரிச்சேன். இது அவருக்கு வந்த விலை. சீசன், கேபின், ரேண்ட் மதிப்பைப் பொறுத்து உங்களுக்கு மாறும். ஃப்ளைட் 75,000. வீசா, இன்ஷூரன்ஸ் 15,000. ரயிலுக்கு முன்னாடியும் பின்னாடியும் நாலு ராத்திரி ஹோட்டல் 60,000. டிப்ஸ், சாப்பாடு, உள்ளூர்ல சுத்த 50,000. மீதி 4 லட்சம் ரயிலுக்கு.

ரயில்ல இருக்கிறது 72 மணி நேரம். 4 லட்சத்தை 72ஆல வகுத்தா மணிக்கு 5,555 ரூபாய். தூங்குற நேரத்துக்கும் சேர்த்துத்தான். தூக்கத்தைக் கழிச்சா மணிக்கு 8,300க்கு மேல. அதுலயும் முழுக்கப் பாலைவனம் கிடையாது. கிம்பர்லி மாதிரி ஊர்கள்ல இறங்கிச் சுத்திக் காட்டுவாங்க, வயல்வெளி வரும், கேப் டவுனை நெருங்கும்போது திராட்சைத் தோட்டம் வரும். அவர் ஆசைப்பட்ட அந்த வறண்ட கரூ வெளி, ஜன்னல்ல சுமாரா ஒரு பகல்தான்.

4 லட்சத்துல கணிசமான பகுதி தனியா போறதுக்கான அபராதம்னே சொல்லலாம். லக்சுரி ரயில்ல விலை ரெண்டு பேர் ஒரு கேபின்ல இருக்கிறதா வச்சுத்தான் போடுவாங்க. தனியா போனா சிங்கிள் சப்ளிமென்ட்னு மேல ஒரு தொகை வரும். விளம்பரத்துல பெரிய எழுத்துல இருக்கிறது ரெண்டு பேர் ஷேர் பண்ணும்போது ஒருத்தருக்கான விலை. கொட்டேஷன் வாங்கும்போது முதல்ல இதைக் கேளுங்க. நம்பிக்கையான ஒரு நண்பரோடு கேபினைப் பங்கு போட்டாலே ஒரு பெரிய தொகை குறையும்.

லோன் எடுத்தா?

6 லட்சம், 14%, 48 மாசம். இ.எம்.ஐ. சுமார் 16,400 ரூபாய். மொத்தம் கட்டுறது 7.87 லட்சம், அதுல வட்டி மட்டும் 1.87 லட்சம். ப்ராசஸிங் ஃபீஸ் 2%னா 12,000, அதுக்கு ஜி.எஸ்.டி. 2,160. ஆக, 6 லட்சம் ரயில் 8 லட்சத்தைத் தொடுது.

அதே 16,400ஐ மாசாமாசம் ஆர்.டி.யில போட்டா? 6.5% வட்டின்னு வச்சுக்குவோம். 34, 35 மாசத்துல 6 லட்சம் கையில நிக்கும். "அதுக்குள்ள டிக்கெட் விலை ஏறிடாதாண்ணா?"ன்னு தம்பி கேட்டார். நியாயமான கேள்வி. வருஷத்துக்கு 6% ஏறுதுன்னு வச்சுப் போட்டுப் பார்த்தேன். 40 மாசம் ஆகுது. அப்பவும் லோனைவிட எட்டு மாசத் தவணை மிச்சம், சுமார் 1.3 லட்சம்.

ஆனா இந்தக் கணக்கை வச்சு மட்டும் நான் வேண்டாம்னு சொல்லல. வட்டி போனா போகுதுன்னு நினைக்கிற வயசு அது. இடிக்கிறது வேற இடத்துல.

அவரோட மாசக் கணக்கை ஒரு பேப்பர்ல எழுதச் சொன்னேன். கைக்கு வர்றது 58,000. பி.ஜி. வாடகை, சாப்பாடு 14,000. போக்குவரத்து, போன், மத்த செலவு 9,000. பைக் இ.எம்.ஐ. 4,200, இன்னும் 11 மாசம் பாக்கி. வீட்டுக்கு 15,000. மொத்தம் 42,200. மிச்சம் 15,800.

இ.எம்.ஐ. 16,400. முதல் மாசத்துல இருந்தே 600 ரூபாய் துண்டு விழுது.

அப்புறம் எப்படி பேங்க் "நீங்க தகுதியானவர்"ன்னு பட்டனைக் காட்டுது? பேங்க் பார்க்கிறது ரெண்டு விஷயம். சம்பளம் 58,000. இருக்கிற தவணையும் புதுத் தவணையும் சேர்த்தா 20,600. சம்பளத்துல 36% கூட வரல. சிபில் ஸ்கோர் நல்லா இருக்கு, பைக் தவணை ஒரு தடவைகூடத் தவறினதில்ல. அவங்க கண்ணுக்கு இவர் அருமையான கஸ்டமர்.

வீட்டுக்கு அனுப்புற 15,000 எந்த சிபில் ரிப்போர்ட்லயும் வராது.

இதை நம்ம மாவட்டத்துப் பசங்க கொஞ்சம் நின்னு யோசிக்கணும். தம்பியோட அப்பா ரெண்டு ஏக்கர் கரும்பு போடுறார். கரும்புல பணம் மாசாமாசம் வராது. நட்டு, பத்துப் பன்னிரண்டு மாசம் காத்திருந்து, வெட்டு உத்தரவு வந்து, ஆள் கிடைச்சு, ஆலைக்கு ஏத்திவிட்டு, அதுக்கப்புறம்தான் பணம். வந்தாலும் பாதி பழைய கடனுக்கும் உரத்துக்கும் போயிடும். நடுவுல இருக்கிற மாசங்கள்ல மளிகை, கரண்ட் பில், தங்கச்சி ஃபீஸ், அம்மாவோட சுகர் மாத்திரை எல்லாமே இந்த 15,000லதான் ஓடுது. கல்வராயன் மலை மேல மரவள்ளி போடுற வீடுகள்லயும் இதே கதைதான், பயிர் மட்டும் வேற. வீட்ல ஒருத்தர் மாசச் சம்பளக்காரர் ஆயிட்டா, அவரோட சம்பளத் தேதிதான் அந்த வீட்டுக்கே சம்பளத் தேதி.

மெட்ரோவுல வளர்ந்து, அப்பா பென்ஷன் வாங்குற ஒருத்தரும், இந்தத் தம்பியும் ஒரே கம்பெனியில ஒரே 58,000 வாங்கலாம். ஒரே ஆஃபர் ரெண்டு போனுக்கும் வரும். அவருக்கு அந்த லோன் ஒரு வீண் செலவு, அவ்வளவுதான். இவருக்கு அது வீட்டுக்குப் போற பணத்துல கை வைக்கிற விஷயம். இன்ஸ்டாவுல கூட வேலை செய்யுறவங்க போட்டோவைப் பார்த்து "அவனால முடியுது, என்னால ஏன் முடியல"ன்னு தோணும்போது, அந்தப் போட்டோவுல அவங்க வீட்டு வரவு செலவு தெரியாதுங்கிறது ஞாபகம் இருக்கட்டும்.

அவசரத்துக்கு எவ்வளவு வச்சிருக்கீங்கன்னு கேட்டேன். 70,000. அப்பா அம்மாவுக்கு ஹெல்த் இன்ஷூரன்ஸ்? கம்பெனி பாலிசியில அவங்களைச் சேர்க்கல. ராத்திரி அப்பாவுக்கு நெஞ்சு வலின்னா கச்சிராயபாளையத்துல இருந்து கள்ளக்குறிச்சி வரணும், அங்கிருந்து சேலமோ ஜிப்மரோன்னு சொல்லுவாங்க. பிரைவேட்ல சேர்த்தா அட்மிஷனுக்கே கையில காசு வேணும். அந்த நேரத்துல 16,400 தவணையும் ஓடிக்கிட்டிருந்தா, அடுத்தது கிரெடிட் கார்டுதான். நிலுவை வச்சா மாசம் மூணு, மூணரை சதவீதம், வருஷத்துக்கு 40% கிட்ட. நான் பார்க்கிற கடன் சிக்கல்ல பாதி இப்படித்தான் ஆரம்பிக்குது. முதல் கடன் ஆசைக்கு வாங்கினது, தாங்கக்கூடியதாவும் இருந்திருக்கும். ரெண்டாவது கடன்தான் ஆளைச் சாய்க்கும்.

அப்போ ரயில்?

ரயில் இருக்கட்டும். அந்த 15,800ஐ இப்படிப் பிரிச்சுக் கொடுத்தேன்.

8,000 அவசர நிதிக்கு. ஆறு மாசச் செலவு 2,53,200, கையில 70,000 போக 1,83,200 வேணும். 23 மாசத்துல நிறைஞ்சிடும். 2,800 அப்பா அம்மா ஹெல்த் இன்ஷூரன்ஸுக்கு, வருஷத்துக்கு 33,600. வயசையும் அம்மாவோட சுகரையும் பொறுத்து பிரீமியம் முன்ன பின்ன வரும். சுகர் இருக்குங்கிறதை மறைக்காம எழுதிக் கொடுக்கணும், இல்லன்னா க்ளைம் நேரத்துல அதைக் காட்டியே தள்ளுபடி பண்ணுவாங்க. மீதி 5,000 ரயிலுக்கு.

11 மாசத்துல பைக் முடியுது. அந்த 4,200 அப்படியே ரயில் கணக்குக்குப் போகட்டும். 23வது மாசம் அவசர நிதி நிறைஞ்சதும் அந்த 8,000மும் இங்க வரும். அப்போ ரயிலுக்கு மாசம் 17,200 சேரும்.

கூட்டிப் பாருங்க. முதல் 11 மாசம் 55,000. அடுத்த 12 மாசம் 1,10,400. மீதி 4,34,600ஐ மாசம் 17,200ன்னு போட்டா இன்னும் 26 மாசம். மொத்தம் 49 மாசம்.

லோன் எடுத்திருந்தா கடைசித் தவணை 48வது மாசம். கிட்டத்தட்ட அதே நாலு வருஷம்தான். இந்த வழியில அவசர நிதி முழுசா இருக்கும், அப்பா அம்மாவுக்கு இன்ஷூரன்ஸ் நாலு வருஷம் ஓடியிருக்கும், அதனால சுகர் மாதிரி ஏற்கனவே இருக்கிற நோய்க்கான காத்திருப்புக் காலமும் முடிஞ்சிருக்கும். வீட்டுக்குப் போற 15,000ல ஒரு ரூபாய் குறையல. ஆர்.டி. வட்டியை நான் சேர்க்கல, நாலு வருஷச் சம்பள உயர்வையும் சேர்க்கல. டிக்கெட் விலை ஏறுறதை அவங்க ரெண்டு பேரும் பார்த்துக்குவாங்க.

ஒரே வித்தியாசம், லோன்ல ரயில் முதல்ல வரும், இதுல கடைசியில வரும். 31 வயசுல போவார். கரூ எங்கயும் ஓடிப் போகாது.

இந்தப் பணத்தை ஷேர்லயோ ஸ்மால் கேப் ஃபண்ட்லயோ போட வேண்டாம். தேதி வச்ச செலவு இது. கிளம்புற வருஷம் மார்க்கெட் 30% விழுந்தா, ரயில் நமக்காகக் காத்திருக்காது. ஆர்.டி., எஃப்.டி. போதும். தனி சேவிங்ஸ் அக்கவுன்ட்ல வைங்க, அதுக்கு ஜிபே இணைக்காதீங்க.

டேக்ஸ் பக்கம் ரெண்டு விஷயம்

கொட்டேஷன் கீழ சின்ன எழுத்துல "டி.சி.எஸ். தனி"ன்னு இருந்தது. வெளிநாட்டு டூர் பேக்கேஜ் வாங்கினா விக்கிறவர் நம்மகிட்ட வரி வசூல் பண்ணி அரசாங்கத்துக்குக் கட்டணும். 2020 அக்டோபர்ல 5%னு ஆரம்பிச்சது. 2023 அக்டோபர்ல இருந்து 7 லட்சத்துக்கு மேல 20%. 2025 ஏப்ரல்ல அந்த வரம்பு 10 லட்சம் ஆச்சு. 2026 பட்ஜெட்ல தொகை எவ்வளவா இருந்தாலும் 2%னு குறைச்சிட்டாங்க. 6 லட்சத்துக்கு 12,000.

இது செலவு கிடையாது, உங்க பேர்ல முன்கூட்டியே கட்டின வரி. வருமான வரிக் கணக்குல உங்க பேர்ல தெரியும். வருமான வரி கட்டுறவங்கன்னா, டி.சி.எஸ். விவரத்தை ஆபீஸ்ல கொடுத்து சம்பளத்துல பிடிக்கிற டி.டி.எஸ்.ஐ அந்த அளவுக்குக் குறைக்கச் சொல்லலாம். 2024 அக்டோபர்ல இதுக்காக 12பிஏஏன்னு ஒரு படிவம் வந்தது. 2026 ஏப்ரல்ல இருந்து புது வருமான வரிச் சட்டம் நடைமுறையில இருக்கிறதால, இப்போ எந்தப் படிவம்னு பேரோல்ல கேட்டுக்கோங்க.

நம்ம தம்பிக்கு இந்த வழி இல்ல. புதிய வரி முறையில, மாசச் சம்பளக்காரருக்கு 12.75 லட்சம் வரைக்கும் வரி பூஜ்யம். அவர் வருமானம் அதுக்கு ரொம்பக் கீழ. டி.டி.எஸ்.ஸே பிடிக்காதப்போ எதைக் குறைக்கிறது? ரிட்டர்ன் போட்டு ரீஃபண்டாத்தான் வாங்கணும். "எனக்குத்தான் வரியே இல்லையே, எதுக்கு ரிட்டர்ன்"னு விட்டுட்டா அந்த 12,000 போனதுதான். ஏஜென்ட்கிட்ட சரியான பான் நம்பரைக் கொடுத்து, சர்டிபிகேட் வாங்கி வைங்க. ஃப்ளைட் டிக்கெட்டை மட்டும் தனியா வாங்கினா அது பேக்கேஜ்ல வராது, அதுக்கு இந்த டி.சி.எஸ். இல்ல.

அடுத்தது எல்.டி.ஏ. "கம்பெனி எல்.டி.ஏ.வுல ஆப்பிரிக்கா க்ளைம் பண்ணலாமா?"ன்னு நிறைய பேர் கேக்குறீங்க. முடியாது. இந்தியாவுக்குள்ள போற பயணத்துக்கு மட்டும்தான், அதுவும் பழைய வரி முறையில இருக்கிறவங்களுக்கு. ரயில்னா குறுகிய வழியில ஏ.சி. முதல் வகுப்புக் கட்டணம் அளவுக்குத்தான் விலக்கு. பேலஸ் ஆன் வீல்ஸ் பில்லை நீட்டி மொத்தத்தையும் க்ளைம் பண்ண முடியாது. சாப்பாடு, ஹோட்டல், ஒட்டகம் எதுவும் சேராது. 2022–25 ப்ளாக்ல ஒரு பயணம் பாக்கி வச்சிருந்தா, 2026 டிசம்பருக்குள்ள போயிட்டு வந்துடுங்க.

நாலு வருஷம் சும்மா உட்காரணுமா?

வேண்டாம். சென்னையில இருந்தும் மன்னார்குடியில இருந்தும் ஜோத்பூருக்கு வாராந்திர ரயில் இருக்கு. ஜோத்பூர்ல இருந்து ஜெய்சல்மேர் கிட்டத்தட்ட 300 கிலோமீட்டர். ஃபலோடி, ராம்தேவ்ரா, பொக்ரான்னு தார் பாலைவனத்துக்குள்ளயே போற பாதை. லட்சக்கணக்குல கட்டி பேலஸ் ஆன் வீல்ஸ்ல வர்றவங்களும் இதே ஜெய்சல்மேர்லதான் வந்து இறங்குறாங்க. இந்தத் தூரத்துக்கு ஸ்லீப்பர் டிக்கெட் சில நூறு ரூபாய். ஸ்லீப்பர்ல போங்க, ஜன்னலைத் திறக்கலாம். மணல் கண்ணுல விழும், ஒரு துண்டு வச்சுக்கோங்க.

பாதி ரயில் இங்க ராத்திரியிலதான் ஓடும். ஆப்ல விலையை மட்டும் பார்த்து புக் பண்ணிடாம, பகல்ல போறதாப் பார்த்து எடுங்க. அக்டோபர் முதல் மார்ச் வரைக்கும் போங்க, மே மாசம் மட்டும் வேண்டாம். தேர்டு ஏ.சி.யில போய் வர்றது, நாலு ராத்திரி சாதாரண ஹோட்டல், சாம் மணல்மேட்டுல ஒரு ராத்திரி கேம்ப், சாப்பாடு எல்லாம் சேர்த்து 30,000க்குள்ள முடிக்கலாம்ங்கிறது என் கணக்கு. தம்பியோட ரயில் அக்கவுன்ட்ல இது ஆறாவது மாசமே சேர்ந்திருக்கும். எடுத்துச் செலவு பண்ணினா ஆப்பிரிக்கா ரெண்டு மாசம் தள்ளிப் போகும், அவ்வளவுதான்.

போயிட்டு வந்தா இன்னொண்ணும் தெரிஞ்சிடும். அஞ்சாறு மணி நேரம் ஒரே மாதிரி மணலையும் புதரையும் பார்க்கிறது உங்களுக்கு நிஜமாவே பிடிக்குதா, இல்ல ரீல்ஸ்ல முப்பது செகண்ட் பார்க்கத்தான் பிடிச்சிருக்கான்னு. 6 லட்சம் கட்டுறதுக்கு முன்னாடி 30,000ல இதைத் தெரிஞ்சுக்கலாம்.

சாம்ல ஒட்டகத்துக்கு முதல்ல சொல்ற விலையைக் கொடுத்துடாதீங்க. எவ்வளவு குறைக்கலாம்னு மட்டும் என்னைக் கேக்காதீங்க, அதுக்கு சி.ஏ. படிப்புல பேப்பர் கிடையாது.